எழுத்தில்லாத புத்தகத்துக்கு விடைக்குறிப்பு

ஜனவரி 19, ஞாயிறு

குகட்பள்ளியில் மூன்றாம் மாடி பால்கனி. ஏ.சி.யின் வெளிப்பெட்டியைத் திறந்தால் உள்ளே புறாக்களின் பிரசவ ஆஸ்பத்திரி. நாலு விரல் கனத்துக்கு எச்சம், அதன் மேல் குச்சி, அதன் மேல் முட்டை, மூலையில் காய்ந்து போன குஞ்சு ஒன்று. விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். அத்தனையும் பொடியாகி என் முகத்துக்கே வந்தது. வாய் வேறு திறந்திருந்தது. "ரெண்டு நிமிஷ வேலை மேடம்" என்று அந்த அம்மாவிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்க வேண்டும் என்பதை இத்தனை வருஷம் கழித்து ஒரு புறா கற்றுக்கொடுத்தது.

மல்காஜ்கிரி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வழியெல்லாம் வண்டியை நிறுத்தித் துப்பினேன். என் பெண்டாட்டி பானு சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்லிவிட்டாள். சந்து முழுக்க என் பனியன் ஓட்டைகளைப் பார்த்தது. சீ.

இந்த டைரி கேஸ் கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஒரு சிலிண்டர் படம். தமிழில் எழுதுகிறேன் - ரயில்வே காலனிப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்த தமிழ். அப்புறம் தெலுங்கு, அப்புறம் ஐ.டி.ஐ. வீட்டில் யாரும் இதைப் படித்துவிட மாட்டார்கள். மகள் நீலாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பானுவுக்குத் தெரியும், ஆனால் என் கையெழுத்து புறா எச்சத்தை விட மோசமாம்.

நீலா மூன்றாம் வகுப்பு. பள்ளியில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். ஏதோ தொண்டு நிறுவனம் போட்டதாம், சுற்றுச்சூழல் பற்றியதாம். "நைனா, இதுல ஒன்னுமே எழுதல" என்று கொண்டுவந்து காட்டினாள். நிஜம்தான். அட்டையில் ஒரு கொக்கு. பேர்கூட இல்லை. உள்ளே முழுக்கப் படம். முதலில் பெரிய ஏரி, எருமைகள், குதிக்கிற பிள்ளைகள். அடுத்து ஓரத்தில் ஒரு ரோடு. அப்புறம் லாரி வந்து மண் கொட்டுகிறது. சுவர் எழும்புகிறது, தூண்கள், மாடிக்கு மேல் மாடி. கடைசிப் பக்கத்தில் ஏரியே இல்லை. அபார்ட்மென்ட், தண்ணீர் டேங்கர், குடத்தோடு சண்டை போடுகிற பெண்கள்.

பானு எட்டிப் பார்த்தாள். "உனுக்கேத்த புக்குதான்யா. ஒரு எழுத்து இல்ல. தெரிஞ்சிதான் குடுத்துகீறாங்க."

ஜனவரி 22, புதன்

மாடிப்படியில் நீலாவும் சனாவும். சனா பக்கத்துப் போர்ஷன் பர்வீனின் மகள். நீலாவின் வயதுதான், பள்ளி வேறு. சாயந்திரம் உருது படிக்கப் போகிறாள். அந்தப் புத்தகங்கள் நம் பக்கமிருந்து திறப்பதில்லை, எதிர்ப்பக்கமிருந்து. அதே பழக்கத்தில் இதையும் அந்தப் பக்கமிருந்தே திறந்துவிட்டாள்.

சனா இந்தியில் சொல்ல, நீலா பாதி இந்தியும் பாதி தெலுங்குமாகச் சேர்த்துச் சொல்ல, நான் டீயோடு நின்று கேட்டேன். முதலில் பெண்கள் சண்டையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். டேங்கர் ரிவர்ஸில் போகிறது. மேல்மாடிக்காரர்கள் சாமானைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள், அப்புறம் அதற்குக் கீழ்மாடிக்காரர்கள். மேஸ்திரி செங்கல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார். லாரிக்காரன் மண்ணை வாரிக்கொண்டு போகிறான்.

"ஏன் வாரிக்கினு போறான்?" என்றேன்.

"தப்பு வூட்டுக்கு டெலிவரி பண்ட்டான் நைனா!"

அப்புறம் ரோடு போகிறது. ஏரி வருகிறது. எருமைகள் வருகின்றன. பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கிறார்கள். முற்றும்.

"ஏய், இந்தப் பக்கத்துலேர்ந்து பார்க்கணும்" என்றேன்.

"கைக்கு அங்கிள்?" என்றாள் சனா.

ஏன் என்று கேட்கிறாள். எழுத்து இருந்தால் தொட்டுக் காட்டியிருப்பேன், இங்கேயிருந்து ஆரம்பம் என்று. இல்லையே. டீயைக் குடித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ரொம்ப நேரம் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

ஜனவரி 30, வியாழன்

இன்றைக்கும் புறா. எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

ஏரிக்கரை அபார்ட்மென்ட் ஒன்று. விளம்பரத்தில் 'லேக் வியூ' என்று போட்டிருக்கிறார்கள். லிஃப்டில் ஏறும்போதே நாற்றம், மூக்கைப் பொத்திக்கொண்டேன். பால்கனியில் நின்று வியூவைப் பார்த்தேன். சோப்புத் தண்ணீர் நுரை மாதிரி ஏரி பூரா வெள்ளையாகக் கிடக்கிறது, காற்றடித்தால் கட்டிகட்டியாகப் பறந்து ரோட்டில் போகிறவர் தலையில் விழுகிறது. நடுவில் ஒரு செருப்பு மிதக்கிறது, அதன் மேல் ஒரு கொக்கு.

சாக்கடைக் காற்று செம்புக் குழாயைத் தின்னும். குழாய்ச் சுருள் கறுத்துப் போய் ஓட்டை விழுந்து கேஸ் பூராவும் போய்விட்டது. போன வருஷமும் நான்தான் மாற்றினேன். அந்த வீட்டு ஐயா, "டூப்ளிகேட் மாட்டிட்டயா?" என்று கத்தினார். அந்தக் காற்று குழாயையே தின்கிறது, உங்கள் நெஞ்சுக்குள் என்ன செய்யும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சாயந்திரம் வரை மூக்கில் அதே நாற்றம். பானு சாப்பாடு போட்டாள், பாதியில் எழுந்துவிட்டேன்.

நீலாவிடம் சொன்னேன். யோசித்தாள். "நைனா, நமக்குக் கை கீது, மூக்க மூடிக்கலாம். மீனு எப்டி மூடும்?"

அவளே சொன்னாள்: "அதான் வெளிய குதிக்குது போல."

பிப்ரவரி 11, செவ்வாய்

பள்ளி வாட்ஸப் குழுவில் ஒரு தாள் வந்திருக்கிறது. அந்தப் படப் புத்தகத்துக்கு விடைகள்!

முதல் பக்கத்தில் என்ன தெரிகிறது? இது அழகான ஏரி, பறவைகள் மகிழ்ச்சியாக உள்ளன. இரண்டாம் பக்கம்? மனிதர்கள் சாலை போடுகிறார்கள். இப்படிக் கடைசி வரைக்கும், இங்கிலீஷில். கீழே கொட்டை எழுத்தில் - மனப்பாடம் செய்யவும், இருபது மதிப்பெண்.

எழுத்தே வேண்டாம் என்று எவனோ படாத பாடு பட்டு வரைந்திருக்கிறான். அதற்கும் நோட்ஸ் போட்டுவிட்டார்கள். நாளைக்கு வானவில்லுக்கும் போடுவார்கள். கலர் வரிசையாக வராவிட்டால் மார்க் கட்.

நீலாவிடம் காட்டவில்லை. புத்தகம் முழுக்க அவளுக்குத்தான் தெரியுமே, சொல்லிவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இருபதுக்கு ரெண்டு. அந்த ரெண்டும் பேரைச் சரியாக எழுதியதற்காக இருக்கும்.

படிக்கட்டில் சொன்ன கதையைத்தான் எழுதியிருக்கிறாள். டேங்கர் போகிறது, லாரிக்காரன் மண்ணை வாருகிறான், ஏரி வருகிறது. ஒவ்வொரு வரியிலும் சிவப்புக் கோடு. மேலே 'ராங் சீக்வென்ஸ்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு.

"நைனா, ஏரி வந்தா தப்பா?"

"தப்பில்லம்மா. வேற பக்கத்துலேர்ந்து வரணும்..." என்று இழுத்தேன். எந்தப் பக்கத்திலிருந்து வரும்? என்னத்தைச் சொல்கிறேன் நான்? அசிங்கம்.

பிப்ரவரி 20, வியாழன்

ஒரு வேலையைத் தள்ளிப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் என் டூல் பையைப் பார்த்துவிட்டு, "ஏ.சி. ஆஃபீஸ்லோ, பைக்கி வெள்ளு" என்று மாடிக்கு வழி காட்டினார். பேரன்ட் என்று சொன்னேன். நம்பவில்லை.

வகுப்பு டீச்சர் ஸ்டெல்லா மிஸ் நம்மவர்தான், செகந்திராபாத் தமிழ். வராந்தாவில் "எஸ் சார், ப்ளீஸ் கம் சார்" என்றார். கதவைச் சாத்தியதும், "உக்காருங்கண்ணா. இங்க தமிழ்ல பேசினா ஃபைன் போடுவாங்க, பசங்களுக்கு இல்ல, எனக்கு" என்றார்.

சண்டை போடத்தான் போயிருந்தேன். அந்தக் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைப் பார்த்ததும் என் சண்டை பாதியாகிவிட்டது.

"நாப்பத்திரண்டு பிள்ளைங்கண்ணா. ஆளுக்கொரு கதை எழுதினா நான் எதை வெச்சு மார்க் போடறது?"

"மார்க் போடாம விட்டா?"

கேஸே இல்லாமல் ஏ.சி.யை ஓட்டுங்கள் என்று நான் சொன்னது போல என்னைப் பார்த்தார். "அந்த விடையெல்லாம் நான்தான் எழுதினேன். கரஸ்பாண்டென்ட் சார் கேட்டாரு, டெஸ்ட் வெக்காத புக்கு எதுக்கும்மா சிலபஸ்லன்னு. எழுதி முடிச்சிட்டு எனக்கே குமட்டிச்சு." மேஜை மேல் கிடந்த நோட்டுகளை அடுக்கியபடி, "மார்ச்சுல தண்ணீர் தினம். புக்கு குடுத்தவங்க பார்க்க வர்றாங்க. எல்லாப் பிள்ளைங்களும் ஒரே மாதிரி சொல்லணும்னு ஆர்டர். நீலா இப்டியே சொன்னா மேடையில ஏத்த மாட்டாங்கண்ணா. ரூம்ல உக்கார வெச்சிருவாங்க. அவதான் வகுப்புலயே நல்லா பேசற புள்ள."

எழுந்து வரும்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் பாத்துக்கறேன் மிஸ், படிக்க வெச்சிடறேன்."

புலி மாதிரி போனேன். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

படிக்க வைத்துவிட்டேன்.

காலையில் வண்டியில் பள்ளிக்குப் போகும்போது நான் கேள்வி, பின்னால் அவள் பதில். சாயந்திரம் நான் ஃபில்டர் கழுவும்போது மறுபடி. ஐந்தாம் பக்கத்தில்தான் தடுமாறினாள்: "ஹ்யூமன் பீயிங்ஸ் ஆர் டெஸ்ட்ராயிங் நேச்சர். வீ மஸ்ட் சேவ் வாட்டர்." இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. ஒருவழியாக இன்றைக்கு நிற்காமல் கடகடவென்று சொன்னாள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

சாயந்திரம் சனா வந்தாள். புத்தகத்தை அவள் வழக்கப்படி எடுத்தாள். நீலா கையைத் தட்டிவிட்டாள். "நக்கோ, வேணாம்! ராங். சீக்வென்ஸ் ராங்."

சனா சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. நீலா சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பிடுங்கித் திருப்பிக் கையில் கொடுத்து, முதல் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். மிஸ்ஸின் குரலே அப்படியே. சனா மூன்றாம் பக்கம் வரை கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஐஸ்கிரீமை நானும் சாப்பிட்டேனே.

மார்ச் 4, செவ்வாய்

சனா அப்புறம் வரவேயில்லை.

நாலாப் பாலத்தில், அந்தச் சாக்கடைக் கால்வாய் மேல், டிராஃபிக்கில் நின்றோம். கீழே கறுப்புத் தண்ணீர், பன்றிகள் கழுத்து வரைக்கும் இறங்கி நிற்கின்றன, அதன் பக்கத்திலேயே ஒருவர் கார்ப்பெட் துவைக்கிறார். யாருடைய வீட்டுக் கார்ப்பெட்டோ! கண்ணை எடுக்க முடியவில்லை.

"அங்க பாரு நீலா. இன்னா தெரியுது?"

பார்த்தாள். "ஆன்சர் நீ சொல்லு நைனா. நா திருப்பிச் சொல்றேன்."

"ஆன்சர்லாம் இல்லம்மா. உனுக்கு இன்னா தெரியுதோ சொல்லு."

"எக்ஸாம்ல வருமா?"

வராது என்றேன். திரும்பி எதிர்ப்பக்கத்து ஜவுளிக்கடை போர்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

பயமாக இருக்கிறது. மார்க் கிடக்கட்டும். மீன் மூக்கை எப்படி மூடும் என்று கேட்ட பிள்ளை இது. பார்த்ததைத் தானே சொல்லுகிற பிள்ளை. பதினைந்து நாளில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு டேப் ரிக்கார்டரை மாட்டிவிட்டேன். ஃபிட்டிங் வேலை எனக்கு நன்றாக வரும்.

பானுவிடம் சொன்னால், "ஒழுங்கா படிக்குதேன்னு சந்தோசப்படுவியா, சும்மா நோண்டிக்கினு" என்கிறாள். அவளே ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "முன்னாடிலாம் தூக்கத்துலகூட பேசும், இல்ல?" என்றாள்.

மார்ச் 22, சனி

தண்ணீர் தினம். எழுதாமல் தூங்க முடியாது.

ஹால் பூராவும் தெர்மகோல் கொக்குகள். மேடைக்குப் பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர், பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று. நாற்காலிக்கு நாற்காலி சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர். ஆளுக்கு ரெண்டு மிடறு குடித்துவிட்டு நாற்காலிக்கடியில் உருட்டிவிட்டார்கள். நடக்கும்போதெல்லாம் காலில் நசுங்குகிறது. தண்ணீர் தினத்தில் தண்ணீர் மிதிபட்டது.

விழா தொடங்குவதற்கு முன்னால் ஹால் ஏ.சி. ஒழுக ஆரம்பித்தது, சரியாக விருந்தினர் நாற்காலி மேல். கரஸ்பாண்டென்ட் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார். வாட்ச்மேன் சொல்லியிருப்பார். "தம்பி, கொஞ்சம் பாருங்க." இஸ்திரி போட்ட சட்டையோடு ஏணியில் ஏறினேன். தண்ணீர் வடிகிற குழாயில் வழுவழுவென்று பச்சைச் சளி மாதிரி அடைத்துக்கொண்டிருக்கிறது. எத்தனை வருஷத்துப் பாசியோ! விரலை விட்டு இழுத்தேன். அது பாட்டுக்கு வருகிறது, வருகிறது, முடியவே இல்லை. இந்தக் காற்றைத்தான் பிள்ளைகள் தினமும் சுவாசிக்கிறார்கள்.

அதற்குள் புத்தகம் கொடுத்த அம்மா வந்துவிட்டார். சுபாஸ்ரீ என்று பேர் சொன்னார்கள். சாதாரண காட்டன் புடவை, நல்ல முகம். இறங்க நேரமில்லை, ஏணியிலேயே நின்றுவிட்டேன்.

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நீலா இரண்டாவது வரிசை. அந்த அம்மா புத்தகத்தின் ஐந்தாம் பக்கத்தை விரித்துக் காட்டி, "இதில் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார். லாரி மண் கொட்டுகிற பக்கம்.

நாற்பத்திரண்டு வாயும் ஒரே குரலில்: "ஹ்யூமன் பீயிங்ஸ் ஆர் டெஸ்ட்ராயிங் நேச்சர்! வீ மஸ்ட் சேவ் வாட்டர்!"

பெற்றோர் கை தட்டினார்கள். அந்த அம்மா சிரித்தபடியே, "வேறென்ன தெரிகிறது?" என்றார்.

சத்தமே இல்லை.

"லாரிக்காரர் முகத்தைப் பாருங்கள். எருமை எங்கே பார்க்கிறது? யாராவது?"

பிள்ளைகள் ஸ்டெல்லா மிஸ்ஸைப் பார்த்தார்கள். மிஸ் தரையைப் பார்த்தார். அந்த அம்மா பெற்றோர் பக்கம் திரும்பினார். யாராவது பெரியவர்கள் சொல்லுங்கள் என்றார். எல்லோரும் செல்போனுக்குள் குனிந்துகொண்டார்கள். நிமிர்ந்து நின்றவன் நான் ஒருத்தன்தான், ஏணி மேல். "சார், நீங்க?"

எனக்குத் தெரியுமே! அந்த லாரிக்காரன் தப்பு வீட்டுக்கு டெலிவரி பண்ணியவன். திருப்பி வாரிக்கொண்டு போகப் போகிறவன். என் பெண்ணும் சனாவும் சொன்ன கதை, சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"ஹ்யூமன் பீயிங்ஸ் ஆர் டெஸ்ட்ராயிங் நேச்சர். வீ மஸ்ட் சேவ் வாட்டர்."

தானா வந்துடுச்சு. கையில அந்தப் பச்சைச் சளி தொங்குது, வாயில இது தொங்குது. எது அசிங்கம்னு எனக்கே தெரியல.

ஹாலே கை தட்டியது. கரஸ்பாண்டென்ட் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு செடித் தொட்டி கொடுத்தார், பிளாஸ்டிக் தாளில் சுற்றி. அந்த அம்மா மட்டும் தட்டவில்லை. நான் மேடையிலிருந்து இறங்கும்போது அவர் ஸ்டெல்லா மிஸ்ஸிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது: "யாரும் தப்புன்னு சொல்ல முடியாம இருக்கட்டும்னுதான் எழுத்தே போடலை."

வெளியே வந்தபோது தெர்மகோல் கொக்குகளை உடைத்துப் பின்பக்கம் நாலாவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அழகாக மிதந்து போயின.

வண்டியில் நீலா முதுகில் சாய்ந்துகொண்டு, "நைனா, நீ கரெக்டா சொன்னே" என்றாள். பெருமையாக.

மார்ச் 23, ஞாயிறு

த்தூ.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். பர்வீன் ஷீர் குர்மா என்கிற சேமியாப் பாயசம் கொடுத்தனுப்பினார். சனாவே கொண்டுவந்தாள், புதுச் சட்டை, கையில் மருதாணி. வாசலோடு நின்று கிண்ணத்தை நீட்டினாள். நீலா கதவுக்குப் பின்னால் நின்றாள். இரண்டு பேரும் கிண்ணத்தையே பார்த்தார்கள். நான் நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு, "வாம்மா உள்ள" என்றேன். "நக்கோ அங்கிள்" என்று ஓடிவிட்டாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

புத்தகங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஆஃபீஸ் முன்னால் கண்ணாடி பீரோவில் அடுக்கிப் பூட்டியிருக்கிறார்கள், அழுக்காகாமல் இருக்க. நாற்பத்திரண்டு கொக்கும் உள்ளேயிருந்து பார்க்கின்றன.

"கஷ்டமா இருக்காம்மா?" என்று நீலாவைக் கேட்டேன்.

"கைக்கு? இன்னாத்துக்குக் கஷ்டம்? அது முடிஞ்சிடுச்சு. ஆன்யுவல் எக்ஸாம்ல வராது."

ஏப்ரல் 29, செவ்வாய்

சீசன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கூப்பிடுகிறவன் எல்லாம் இப்போதே வா என்கிறான். வேர்வையில் என் நாற்றம் எனக்கே தாங்கவில்லை, பாவம் லிஃப்டில் கூட வருகிறவர்கள்.

மேலே குடியிருக்கும் ஓனர் விஸ்வநாத் சார் புது ஏ.சி. வாங்கினார். நான்தான் மாட்டினேன். வெளிப்பெட்டியை அவர் பால்கனிப் பக்கம் வைக்கலாம் என்றேன். "சத்தம் வரும். அந்தச் சந்துப் பக்கம் வை" என்றார். சந்து இரண்டு முழம் அகலம். எதிரே பர்வீன் வீட்டு ஜன்னல். அவர்களுக்கு இருப்பதே அந்த ஒரு ஜன்னல்தான்.

தெரிந்துதான் மாட்டினேன். ஓனர் சொன்னால் மாட்ட வேண்டியதுதானே? ஆன் பண்ணிப் பார்த்தேன், குளுகுளுவென்று இருந்தது. "வெரி குட் பூபாலன்" என்றார் சார்.

மே 2, வெள்ளி

லீவு விட்டாயிற்று. மத்தியானம் சாப்பிட வந்தேன். என் டூல் பை திறந்து கிடந்தது. நீலா தரையில் படுத்துக்கொண்டு ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏ.சி. டப்பாவோடு வருகிற தாள். எந்த ஊர்க்காரனும் புரிந்துகொள்ள வேண்டும் என்று எழுத்தே இல்லாமல் படமாகப் போட்டிருப்பார்கள். சுவரில் ஓட்டை, குழாய், தொப்பி போட்ட ஆள், நீல அம்பு, சிவப்பு அம்பு. மாட்டத் தெரிந்தவன் எவனும் அதைப் பிரித்துப் பார்க்க மாட்டான். நானும் பார்த்ததில்லை.

பேசாமல் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இன்னா தெரியுது என்று கேட்க நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்து அவளே, "நைனா. இந்தத் தொப்பிக்காரன் திருடனா?"

"ஏன்?"

"இந்த வூட்டு ஆளுங்க சூட்டையெல்லாம் குழாய்ல எடுக்கறான். அப்றம் செவுத்துல ஓட்டை போட்டு வெளிய தள்றான். பார், செவப்பு அம்பு. வெளிய யாரு கீறாங்கன்னு படத்துல போடவே இல்ல." தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று. "வேணும்னே போடல."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன்.

எழுந்து உட்கார்ந்தாள். முகம் மாறிவிட்டது. "நைனா. ஓனர் தாத்தாவோடது சனா ஜன்னலுக்குப் போவுது."

விரலால் தட்டில் கோடு இழுத்தேன்.

"இது நீதான்" என்று தொப்பிக்காரன் மேல் விரலை வைத்தாள். "நீதானே மாட்டுனே? உனுக்குத் தெரியாதா? அவுங்க அம்மா ஜன்னல மூடி, துணி வெச்சி அடைச்சிகீறாங்க. நா பாத்தேன். நாலு நாளா மூடிதான் கீது. உள்ள எப்டி தூங்குவாங்க? சீ நைனா."

அந்த 'சீ' என் முகத்தில் விழுந்தது, அன்றைக்குப் புறா எச்சம் விழுந்த மாதிரி. இந்தத் தடவை துப்பத் தோன்றவில்லை. "இன்னும் இன்னா தெரியுது? சொல்லு" என்று கேட்டேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள். வசவுதான் முக்கால்வாசி. பானு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, குழம்பு ஊற்ற மறந்து அங்கேயே நின்றாள்.

மே 3, சனி

காலையில் ஓனரிடம் போனேன். "சார், அந்தச் சந்துல காத்து முட்டித் திரும்புது. கம்ப்ரசர் போயிடும். மொட்டை மாடிக்கு மாத்திடலாம்." முழுப் பொய்யும் இல்லை. "நீதானே அங்க மாட்டுனே?" என்றார். ஆமாம் சார், புத்தி இல்ல சார், என்றேன். அதை அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

குழாய் நீட்டம் பத்தவில்லை, கடைக்கு ஓடினேன். பிராக்கெட்டைக் கழற்றும்போது எதிர் ஜன்னலில் துணி அசைந்தது. சனா ஒரு கண்ணால் பார்த்தாள். நீலா கீழேயிருந்து கத்தினாள்: "சனா! வாரியா? டார்ச் புடிக்கணும்!" பட்டப்பகலில் டார்ச் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் மொட்டை மாடியில் இருந்தார்கள், ஒரே டார்ச்சுக்குச் சண்டை போட்டுக்கொண்டு. நட்டு ஒன்றைத் தொலைத்தும் விட்டார்கள்.

சாயந்திரம் ஓட விட்டேன். வெப்பக் காற்று புஸ்ஸென்று வந்தது. நீலா அதன் முன்னால் கையை நீட்டிப் பார்த்தாள், சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"இப்போ இது யார் வூட்டுக்குப் போவுது நைனா?"

"தெரியலம்மா."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் சனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அது போகிற பக்கமாகப் போனாள். கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்க்காதீங்கடி என்று கத்தினேன். காதிலேயே வாங்கவில்லை. இரண்டு தலையும் சுவருக்கு மேலே தெரிந்தன, இந்த வூடா அந்த வூடா என்று ஒவ்வொரு வீடாகக் கை நீட்டிக்கொண்டு.